சோத்துக்கு வேலை: ஒரு டீச்சரின் மே மாதம்

"படிச்ச புள்ள, சோத்துக்கு வேலை பாக்கவா பஸ் ஏறிப் போற?" என்று அப்பா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் சொன்ன விஷயம் இதுதான்: கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டம், கூடவே வாடகைக்கு விடும் நாலைந்து அறைகள். நானும் எங்கள் பள்ளி கணக்கு டீச்சரும் அங்கே போய்த் தினமும் நாலைந்து மணி நேரம் வேலை செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. தங்க அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்கள் தருவார்கள். நாமும் காசு தர வேண்டாம், அவர்களும் தர மாட்டார்கள். இதை நான் ஒரு கண்டுபிடிப்பைப்போல விவரித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா அப்படிக் கேட்டார். அதற்கு என்னிடம் அன்றைக்கே பதில் இருந்தது. அந்தப் பதில் இப்போதும் எனக்கு முழுசாகத் திருப்தியாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தனியார் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு மே மாதம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. சில பள்ளிகளில் அந்த மாதம் சம்பளமே கிடையாது. எங்கள் பள்ளியில் பாதி. அந்தப் பாதிக்கும் ஈடாக மாதத்தின் முதல் பாதியில் அட்மிஷன் கேன்வாஸிங் உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் குடையும் நோட்டீஸுமாகத் தெருத்தெருவாகப் போய், மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீடு எது என்று பெட்டிக்கடையில் விசாரித்துக் கதவைத் தட்டுவது. அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம் என்றால் அவர்களுக்கும் விடைத்தாள் திருத்துவது, பயிற்சி வகுப்பு, தேர்தல், சென்சஸ் என்று ஏதாவது வந்துவிடுகிறது. அவர்களுக்குச் சம்பளமாவது வரும். இதெல்லாம் போக மிஞ்சுவது மே கடைசியில் கொஞ்ச நாட்கள். ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறந்துவிடும். கொடைக்கானலில் அறைக்கு விலை உச்சத்தில் இருப்பதும் அதே நாட்களில்தான். சீசனில் ஒரு சுமாரான அறைக்கு ஒரு இரவுக்குக் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டு, என் பாதிச் சம்பளத்தை அதால் வகுத்துப் பார்த்தேன். இரண்டு இரவுகூட வரவில்லை. 2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் மலையேறுகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர்நீதிமன்ற உத்தரவு வந்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் பெரிய விவாதம் நடந்தது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. எங்களில் கார் வைத்திருப்பவரும் யாருமில்லை. இருந்தாலும் விவாதம் நடந்தது.

இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவள் என்னிடம் படித்த ஒரு பெண். கல்லூரி முடித்துவிட்டு ஆரோவில் பக்கத்தில் சாதனா ஃபாரஸ்ட்டில் கொஞ்ச காலம் தங்கியிருந்தாள். 2003இலிருந்து அங்கே காய்ந்துபோன செம்மண் பொட்டலில் காடு வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து தங்கி, காலையில் மண் வேலை செய்து, அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மன்னார்குடி வெயிலிலிருந்து தப்பிக்க நினைக்கிறவள் மே மாதத்தில் பாண்டிச்சேரிப் பக்கம் போவாளா? அதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, மலைப்பக்கத்திலும் இப்படி இடங்கள் உண்டு, இணையத்தில் அதற்கென்றே தளங்கள் உண்டு என்று வொர்க்அவே, வூஃப் என இரண்டு பெயரைச் சொன்னாள். வருஷத்துக்கு ஒரு சந்தா கட்ட வேண்டும். வொர்க்அவேயில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே கணக்கு எடுத்துக்கொள்ளலாம். கணக்கு டீச்சர் உள்ளே வந்தது அப்படித்தான், செலவைப் பாதியாக்க.

வூஃப் தொடங்கிய கதை எனக்குப் பிடித்திருந்தது. 1971இல் லண்டனில் செக்ரட்டரி வேலை பார்த்த சூ காப்பார்ட் என்ற பெண்ணுக்குக் கிராமப்புறம் போக ஆசை. போய்த் தங்க வசதியும் இல்லை, அங்கே தெரிந்தவர்களும் இல்லை. சஸ்ஸெக்ஸில் எமர்சன் கல்லூரியின் பண்ணையில் பேசி, சனி ஞாயிறில் வந்து வேலை செய்கிறோம், தங்க இடம் கொடுங்கள் என்று ஏற்பாடு செய்தார். முதல் தடவை போனது நாலே பேர். உலகம் சுற்றுகிற பணக்கார வீட்டுப் பிள்ளைகள் யோசித்த திட்டமாக்கும் என்று நினைத்திருந்தேன். வாரம் பூராவும் டைப் அடித்துவிட்டு மண்ணையும் மரத்தையும் பார்க்க ஏங்கிய ஒரு ஆபீஸ் ஊழியர் தொடங்கியது என்று தெரிந்ததும், இது நமக்கும் உரியதுதான் என்று ஒரு தைரியம் வந்தது.

பெரும்பாறைக்கு மேலே

வத்தலக்குண்டில் இறங்கி, சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடி போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெரும்பாறை வருவதற்குள் காது அடைத்துக்கொள்ளும், ஜன்னல் காற்று மாறிவிடும். இந்தக் கீழ்மலை கொடைக்கானல் நகரம் மாதிரி இல்லை. ஏரியும் படகும் கிடையாது. சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் ஏறிய மிளகு, பலா, மலைவாழை, ஆரஞ்சு. குளிர் என்று சொல்ல முடியாது, ராத்திரி ஒரு போர்வை போதும். எனக்கு அதுவே அதிகம்.

காப்பி பறிப்பதெல்லாம் குளிர்காலத்தில் முடிந்துவிடும். மே மாதத்தில் தோட்டத்து வேலை என்றால் பருவமழைக்குத் தயாராவதுதான். குழி வெட்டுவார்கள், நிழல் மரங்களின் கிளை கழிப்பார்கள், நாற்றங்காலைப் பார்த்துக்கொள்வார்கள். முதல் இரண்டும் கைப்பழக்கம் உள்ளவர்களின் வேலை. எங்களுக்குக் கிடைத்தது நாற்றங்கால். காட்டு மண் ஆறு பங்கு, தொழு உரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பிய கறுப்பு பாலிதீன் பைகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் விரல் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு காப்பிக் கன்று. பூவாளியில் தண்ணீர் ஊற்றி, பிறகு ஒவ்வொரு பையிலும் களை எடுக்க வேண்டும். களையைச் சும்மா பிடுங்கினால் கன்றும் சேர்ந்து வந்துவிடும். இடது கையின் இரண்டு விரலைக் கன்றின் அடியில் மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் களையை இழுக்க வேண்டும். அந்தத் தோட்டத்து மேஸ்திரி ஒரே ஒரு தடவை செய்து காட்டினார். நான் பிடுங்கியதை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார், போய்விட்டார். அதன்பின் யாரும் வந்து என்னைப் பார்க்கவில்லை. லெசன் பிளான் இல்லை, அப்சர்வேஷன் இல்லை, சிசிடிவி இல்லை.

பதினொரு மணிக்கு வேலை முடியும். இந்த 'முடியும்' என்பதை ஆசிரியர் இல்லாதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று எழுதியிருக்கிறது, தயாரிப்பு நேரமும் அதில் சேர்த்தி. அந்த 45 எங்கே முடிகிறது என்று யாராவது எனக்குக் காட்டினால் நன்றாக இருக்கும். நோட்டுக் கட்டு வீட்டுக்கு வருகிறது, வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு அம்மா ஹோம்வொர்க் கேட்கிறார், தூங்கும்போதும் நாளைக்கு யூனிட் டெஸ்ட் கொஸ்டின் அடித்தாகிவிட்டதா என்று ஞாபகம் வருகிறது. இங்கே கையைக் கழுவினால் வேலை தீர்ந்தது. அப்புறம் இன்னொரு விஷயம், தொண்டை. வருஷம் முழுக்க ஏழெட்டுப் பீரியட் கத்திக் கத்தி எனக்குச் சாயங்காலமானால் குரல் கம்மிவிடும். அதுதான் என் இயல்பான குரல் என்றே வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காலை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் களை எடுத்த சில நாட்களிலேயே குரல் திரும்பிவிட்டது. போனில் பேசிய என் பையன், "அம்மா, வேற யாரோ மாதிரி பேசுற" என்றான்.

கணக்கு டீச்சருக்கு இந்தச் சுகம் கிடைக்கவில்லை. தோட்டக்காரர், அதாவது அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர், அவருடைய மகன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். வந்த மறுநாளே, "நீங்க மேக்ஸ் டீச்சர்னு போட்டிருந்தீங்களே, சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனுக்கு உக்காந்து சொல்லிக் கொடுத்தீங்கன்னா..." என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். அவளுக்கு மறுக்க வராது. ஒரு மணி நேரம் என்றது ஒன்றரையானது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து இன்னொரு பையனும் வந்து சேர்ந்தான். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள், "அங்கேயும் நான் டீச்சராத்தான் இருந்தேன்." என்னிடம் ஆங்கிலம் பேசச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 28ஆவது பிரிவில் ஆசிரியர்கள் டியூஷன் எடுக்கக் கூடாது என்று இருக்கிறது சார் என்றேன். அவருக்கு ஆச்சரியம். எனக்கும் கொஞ்சம் வெட்கம்தான், நாடு முழுக்க யாரும் கண்டுகொள்ளாத ஒரு பிரிவை என் வசதிக்காக மலை மேல் தூக்கிக்கொண்டு வந்ததற்கு. "பாத்திரம் தேய்ப்பீங்க, இங்கிலீஷ் சொல்லித்தர மாட்டீங்களா?" என்றார் சிரித்துக்கொண்டே. "ஆமாம் சார்" என்றேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. விடுமுறைக்குப் போகும் ஆசிரியர்கள் படிப்புச் சொல்லித்தரும் வேலையை ஒப்புக்கொள்ளவே கூடாது, எவ்வளவு அழகான மலையாக இருந்தாலும் சரி. பல இடங்களில் நம்மைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். 1988இல் கோவாவைச் சேர்ந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில், ஆசிரியர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளிகள் ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்முடையது உன்னதமான பணியாம். உன்னதத்துக்குக் கொஞ்ச நாள் லீவு விட்டுவிட்டு வெறும் தொழிலாளியாக இருக்கத்தான் நான் அங்கே போனேன்.

குண்டான்

சனி ஞாயிறில் அறைகள் எல்லாம் நிரம்பிவிடும். அப்போது நாற்றங்கால் வேலை குறைந்து, படுக்கை விரிப்பு மாற்றுவதும் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பதும் எங்கள் பங்கில் சேரும். அதையும் முன்பே சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். சமையலறையில் ஒரு அக்கா இருந்தார். பண்ணைக்காட்டுப் பக்கம் ஊர். ஐம்பதை நெருங்கியிருப்பார். அதிகம் பேச மாட்டார். அவர் தேய்த்துப் போடும் பாத்திரத்தை நான் அலசித் துடைத்து அடுக்குவேன். இருவரும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த வீட்டு அம்மா, "ஏம்மா, வெந்நீர் கேட்டு எவ்ளோ நேரமாச்சு" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். பிற்பாடு தோட்டக்காரர் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஆசிரியர்கள், லீவில் வந்து உதவுகிறோம் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சமையலறைக்கே வந்துவிட்டார். "சாரி மேடம், வேலைக்காரங்கன்னு நெனச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க." நான் பரவாயில்லை என்றேன். வேறென்ன சொல்வது? அக்கா தேய்த்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்து அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவும் இல்லை, காலையில் அக்காவிடமும் அதே தொனியில்தான் வெந்நீர் கேட்டிருப்பார்.

அவர் போன பிறகு அக்கா கேட்டார். "டீச்சர், உங்களுக்கு இங்க எவ்வளவு குடுக்குறாக?"

"ஒண்ணும் இல்லக்கா. ரூமும் சாப்பாடும்தான்."

"காசு கெடையாதா?"

"கெடையாதுக்கா."

ஒரு குண்டானைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். அடிப்பிடித்திருந்த குண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அதான் இந்த வருசம் எங்க நாத்தனாளக் கூப்புடல போல" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரி இல்லை. ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்து இப்போது சரியாக வந்துவிட்ட மாதிரி சொன்னார். ஒவ்வொரு சீசனிலும் அவருடைய நாத்தனாரும் கூட வேலைக்கு வருவாராம். நாளுக்கு 400 ரூபாய். ஏப்ரல் கடைசியில் கூப்பிட்டு அனுப்புவார்கள், பள்ளிக்கூடம் திறக்கும்வரை வேலை இருக்கும். "அந்தக் காசுலதான் புள்ளைகளுக்கு நோட்டு, பையி, செருப்பு எல்லாம் எடுப்பா." பிறகு குண்டானை என் பக்கம் தள்ளினார். "இதுக்குள்ள நல்லாத் தொடச்சிருங்க, ஈரம் இருந்தா துரு ஏறிரும்."

ஜூன் மாதத்தில் வகுப்பில் நின்றுகொண்டு, "இன்னும் ஏன் நோட்டு வாங்கலை? டயரி எங்கே?" என்று கேட்கிறவள் நான். அந்தக் கேள்விக்கு எழுந்து நின்று தரையைப் பார்க்கும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். அவர்களுடைய அம்மாக்கள் மே மாதத்தில் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய இடத்தில் அதுவரை நான் இருந்ததும் இல்லை.

தோட்டக்காரரிடம் கேட்டேன். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். அவர் ஒளிக்கவும் இல்லை. அறைகள் நிரம்புவதே ஆறு வாரம்தான், மழை தவறிப் போனால் மிளகும் இல்லை, பேங்க் லோன் இருக்கிறது, இப்படி வருகிறவர்கள் இருந்தால் ஒரு ஆள் கூலி மிச்சம் என்றார். "நீங்க வரலைன்னா ரெண்டு ரூமை மூடியிருப்பேன் மேடம், அந்தம்மாவை எப்படியும் கூப்பிட்டிருக்க மாட்டேன்." உண்மையாகவும் இருக்கலாம். நல்ல மனிதர்தான், எங்களுக்குக் கொடுத்த அறையும் சாப்பாடும் சொன்னதைவிட நன்றாகவே இருந்தன. சமையலறை வேலை வேண்டாம், நாற்றங்காலிலேயே இருக்கிறேன் என்று சொன்னேன். முடிந்தவரை அப்படியே விட்டார். நான் சமையலறைக்கு வராததால் அக்காவுக்குத்தான் வேலை கூடியது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் ஏதோ நியாயம் செய்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

தாத்தாவின் கூலி

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய அப்பா, என் தாத்தா, மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு பண்ணையில் பண்ணையாள். கூலி நெல்லாக அளப்பார்கள், பகலில் களத்துமேட்டில் கூழ். தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த ஊர்ப்பக்கம். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் மற்றவர்களும் விவசாயிகளுக்குச் சங்கம் கட்டிய பிறகுதான் அதெல்லாம் அடங்கியது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு நாலு வருஷம் முன்பே, 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலியைப் பணமாகக் கொடுப்பதே விதி என்று எழுதியாகிவிட்டது. வகுப்பில் இவற்றைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு அவை பாடம் இல்லை. கைக்குக் காசாக வரும் கூலி என்பது அவர் தலைமுறை பிடித்து வாங்கியது. அதை வேண்டாம் என்று அவர் மகளே, அதுவும் பி.எட். படித்த மகள், பஸ் டிக்கெட் எடுத்துப் போய்ச் சொல்வதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

என்னுடைய பதில் இதுதான். தாத்தா அந்தப் பண்ணையை விட்டுப் போக முடியாது, கடன் கட்டிப்போட்டிருந்தது. என்னால் எந்தக் காலையிலும் பையை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏற முடியும். ஜூனில் எனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. சம்பளம் கம்மிதான், ஆனாலும் சம்பளம். மலையில் நான் செய்தது என் பிழைப்பு இல்லை. இந்தப் பதில் சரியானது என்றே இன்னமும் நினைக்கிறேன், என் வரைக்கும். அக்காவின் நாத்தனாரை இதற்குள் கொண்டுவந்தால்தான் சங்கடம். அவருக்குச் சோத்துக்கு வேலைகூட அந்த வருஷம் இல்லை. பிழைப்பு இல்லாதவள் ஒருத்தி பொழுதுபோக்காக வந்து, பிழைப்புக்கு வருகிறவளின் இடத்தில் நின்றால், கூலி பூஜ்யம் ஆகிவிடுகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து கக்கூஸ் கழுவி போட்டோ போட்டுக்கொள்ளும் ஹாஸ்டல்களைப் பார்த்துச் சிரிப்போம். நாமும் அதே வரிசையில்தான் நிற்கிறோம், போட்டோ மட்டும் எடுப்பதில்லை.

அதற்காக இந்த ஏற்பாடே மோசம் என்று நான் சொல்லவில்லை. சம்பளமில்லாத மாதத்தில் ஒரு டீச்சர் ஊரைவிட்டு வெளியே போய் மூச்சு விடுவதற்கு இதைவிட மலிவான வழியை யாராவது காட்டினால் கேட்டுக்கொள்கிறேன். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்த கோடையில் தாளவாடிப் பக்கம் போனோம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் வரும் சமவெளி. கர்நாடக எல்லை, பாதிப் பேர் கன்னடம் பேசுவார்கள். வயதான கணவன் மனைவி, பிள்ளைகள் பெங்களூரில். வாடகை அறை, விருந்தாளி எதுவும் கிடையாது. அவர்கள் இருவரும் செய்கிற வேலையில் நாமும் கைகொடுப்பது, அவ்வளவுதான். மஞ்சள் நடும் பருவம். விதைமஞ்சளைப் பொறுக்கி எடுத்து, அழுகலைத் தள்ளி, பாரில் வரிசையாக ஊன்ற வேண்டும். நடவுக்குக் கூலியாட்கள் வழக்கம்போல வந்தார்கள், வழக்கமான கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் அந்தப் பாட்டியோடு உட்கார்ந்து விதை பொறுக்கினோம். இந்தத் தடவை பையனையும் கூட்டிப் போனேன், அவன் சாப்பாட்டுக்கு மட்டும் காசு கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார்கள், வற்புறுத்திக் கொடுத்தேன். குளியலறை வீட்டுக்கு வெளியே, ஆனை பயத்தில் இருட்டிய பிறகு வாசல்படி தாண்டக் கூடாது, போனில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். கணக்கு டீச்சர் தினமும் ஒன்பது மணிக்குத் தூங்கினாள். அங்கே பத்தாம் வகுப்புப் பையன் யாரும் இல்லை.

இப்போது யாராவது என்னிடம் விவரம் கேட்டால், போனில் முதலில் இதைக் கேட்கச் சொல்கிறேன்: மே மாதத்தில் அங்கே கூலிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், போன வருஷம் எத்தனை பேர் வந்தார்கள். இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிற இடம் வேண்டாம். அறை வாடகைக்கு விடுகிற இடமென்றால் இரண்டு தடவை யோசிக்கச் சொல்கிறேன். அப்புறம்தான் தனி அறையா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம். அங்கே முன்பு தங்கிய ஒரு பெண்ணிடம் பேசாமல் கிளம்பவே கூடாது. தளத்தில் நாலு வரி பாராட்டு எழுதியிருப்பவர்களும் நேரில் கேட்டால் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

ஒரு தடவை ஸ்டாஃப் ரூமில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளி ஆயாம்மா டீ கொண்டுவந்தார். "எனக்கும் அப்படி ஒரு எடம் பாத்துக் குடுங்க டீச்சர், நானும் மலையெல்லாம் பாத்ததில்ல" என்றார். எல்லோருக்கும் உற்சாகமாகிவிட்டது. என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டார். கூட்டுவது, கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது, அந்த மாதிரி என்றோம். டிரேயை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதத்தானே டீச்சர் வருஷம் பூரா செய்யுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேன் டிரைவர் அண்ணன் கதையும் அப்படித்தான், மே மாதம் அவர் கல்யாண வண்டி ஓட்டுகிறார், இல்லையென்றால் வீட்டு வாடகை கட்ட முடியாது. இந்த மாற்று ஏற்பாடு நோட்டுத் திருத்துகிறவளுக்குத்தான் ஓய்வு. ஆயாம்மாவுக்கு வேண்டியது மே மாதச் சம்பளம். அதைக் கரெஸ்பாண்டெண்டிடம் யார் போய்ச் சொல்வது என்ற இடத்தில் எங்கள் பேச்சு எப்போதும் நின்றுவிடுகிறது, என் குரல் உட்பட.

இந்த வருஷம் ஆபீஸ் கிளார்க் பெண்ணும் தமிழ் டீச்சரும் போவதாக இருக்கிறார்கள். கேன்வாஸிங் முடிந்து பள்ளி திறப்பதற்குள் கிடைக்கும் நாட்கள் கம்மி, பல இடங்களில் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்கச் சொல்கிறார்கள், அதனால் தேடுவதே பெரும்பாடாக இருக்கிறது. சிறுமலையில் ஒரு தோட்டத்துக்கு எழுதியிருக்கிறோம். கூலியாட்கள் பற்றிய கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வந்தது. திருப்பி அவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்கள், உங்களில் யாருக்காவது நன்றாகச் சமைக்கத் தெரியுமா என்று. தமிழ் டீச்சர் வைக்கும் மீன்குழம்புக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமில் அடிதடியே நடக்கும். தெரியாது என்று எழுதச் சொல்லிவிட்டேன்.